கழுவாத போத்தலும் கரையாத படலமும்

"தம்பி, மூக்குக்குத் தண்ணீர் செலுத்தாமல் எடுத்த வுழூ கூடுமா?"

என் ராத்தா இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவருடைய மூக்கில் ஒபரேஷன் நடந்து நான்கு நாட்கள்தான் ஆகியிருந்தன. ஹெந்தளையில் அவருடைய வீட்டு முன்னறையில் இரண்டு தலையணைகளை அடுக்கி வைத்துச் சாய்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. நோவை விட வுழூவைப் பற்றிய கவலையே அவருக்குப் பெரிதாக இருந்தது.

மார்க்கச் சட்டம் படித்தவன் என்பதால் நான் உடனே பதில் சொல்லிவிட்டேன். ஆனால், அன்று நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருந்தது. "மூக்குக் கழுவுவதற்குத் தந்த போத்தலை எங்கே வைத்திருக்கிறீர்கள்? எந்தத் தண்ணீரை அதில் ஊற்றுகிறீர்கள்?" அதை நான் கேட்கவில்லை. வீட்டில் வேறு யாரும் கேட்கவில்லை.

ராத்தாவுக்குப் பல வருடங்களாகப் பீனிசம். மூக்கடைப்பு, நெற்றிப் பாரம், கன்னத்தில் நோவு, எதன் வாசமும் தெரியாத நிலை. தடிமன் வந்தால் ஒரு மாதத்துக்குப் போகாது. ஒவ்வொரு முறையும் பார்மசியில் அன்டிபயோடிக் வாங்கி, சற்றுச் சுகமானதும் மீதியை மேசை லாச்சியில் போட்டு வைப்பார். அடுத்த முறை அந்த மீதியை விழுங்குவார். இறுதியில் கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டை நிபுணர் ஒருவர் சத்திர சிகிச்சை செய்தார். உட்புறம் ஒன்றோடொன்று ஒட்டிப் போகாதிருக்க, மூக்கின் இரு பக்கமும் மெல்லிய சிலிக்கோன் தகடுகளை வைத்தார். பத்தாம் நாள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று துண்டில் எழுதியும் தந்தார்.

பத்தாம் நாள் குடும்பத்தில் ஒரு கல்யாணம். அடுத்த வாரம் மருமகளுக்குப் பிள்ளைப்பேறு. "இப்போது நோவில்லைதானே, பிறகு போவோம்" என்று ராத்தா தள்ளிப்போட்டார். ஐந்தாம் வாரம் காய்ச்சலும் தலையிடியும் கெட்ட வாடையும் வந்த பிறகே அவரை நான் அழைத்துச் சென்றேன். வைத்தியர் தகட்டை வெளியே எடுத்து என்னிடம் காட்டினார். தெளிவாக இருந்திருக்க வேண்டிய தகடு, மஞ்சளும் பச்சையும் கலந்த வழுவழுப்பான போர்வையால் மூடப்பட்டிருந்தது.

"மௌலவி, இது உள்ளே இருக்கும் வரை எந்த மாத்திரை கொடுத்தாலும் பயனில்லை" என்றார் அவர்.

அந்த வழுவழுப்பைப் பற்றித் தேடிப் படித்ததைத்தான் சகோதரிகளாகிய உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன். எங்கள் வீட்டில் நடந்த கவனக்குறைவு உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது என்பதே நோக்கம்.

வழுவழுப்பு என்பது என்ன?

இரண்டு நாள் கழுவாமல் வைத்த பூச்சாடியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். குளியலறை வாளியின் அடியைத் தடவிப் பாருங்கள். காலையில் எழுந்ததும் பல்லை நாவால் துழாவிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே வகையான வழுக்கல். இதனை விஞ்ஞானிகள் உயிர்ப்படலம் என்று அழைக்கிறார்கள்.

பக்டீரியாக்கள் தனித்தனியாக நீந்தித் திரிபவை என்றே நாம் நினைத்திருக்கிறோம். அவற்றுக்கு வேறொரு வாழ்க்கையும் உண்டு. ஏதேனும் ஒரு பரப்பைக் கண்டால் அதில் ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் சர்க்கரைப் பொருள், புரதம் முதலியவற்றாலான பசையைச் சுரந்து, அந்தப் பசைக்குள் கூட்டமாகக் குடியேறுகின்றன. அங்கே பெருகி, ஒன்றுக்கொன்று இரசாயனச் சமிக்ஞை அனுப்பி, ஒரு கிராமத்தைப் போல வாழ்கின்றன. கூட்டம் முற்றியதும் சில பிரிந்து போய் வேறிடத்தில் புதுக் குடியிருப்பு அமைக்கின்றன.

ஒல்லாந்து தேசத்தில் துணி வியாபாரியாக இருந்த லீவன்ஹூக், தம் கையால் செய்த நுணுக்குக்காட்டியில் பல்லின் அழுக்கை வைத்துப் பார்த்து, அதில் சின்னஞ்சிறு உயிர்கள் அசைவதைக் கண்டார். 1683ஆம் ஆண்டு இலண்டன் ரோயல் சொஸைட்டிக்கு இதை எழுதி அனுப்பினார். வினாகிரி ஊற்றியும் பார்த்தார். அழுக்கின் வெளிப்புறத்தில் இருந்தவை மாத்திரம் இறந்தன, உள்ளே இருந்தவற்றை வினாகிரி எட்டவில்லை என்று அடுத்த ஆண்டு குறித்தார். ராத்தாவின் வைத்தியர் என்னிடம் சொன்னதன் சாரமும் இதுவேதான்.

கனடாவைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் கொஸ்டர்டனும் அவருடைய தோழர்களும் 1978இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகே, பக்டீரியாக்கள் ஒட்டி வாழும் இந்த முறை பரவலான கவனத்தைப் பெற்றது.

மூக்கினுள் ஏன் பொருள் வைக்கிறார்கள்?

முகத்து எலும்புகளில் நான்கு சோடி வெற்றறைகள் உள்ளன. நெற்றியில் ஒரு சோடி, கன்னங்களில் ஒரு சோடி, கண்களுக்கு இடையில் சிறு அறைகளாக ஒரு சோடி, அதற்கும் பின்னால் ஆழத்தில் ஒரு சோடி. இவையே சைனஸ்கள். இவற்றின் உட்புறத் தோலில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் இருக்கின்றன. அவை இடைவிடாது அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்துச் சிறு வாசல்கள் வழியாக வெளியே தள்ளுகின்றன. இரவும் பகலும் ஓயாமல் கூட்டிக்கொண்டே இருக்கும் ஒரு விளக்குமாற்றை அல்லாஹ் அங்கே வைத்திருக்கிறான்.

வாசல் வீங்கி அடைத்தால் சளி உள்ளே தேங்கும். மருந்தால் தீராதபோது, மூக்குத் துவாரம் வழியாகவே குழாய்க் கமெராவைச் செலுத்தி அந்த வாசலை அகலமாக்குகிறார்கள். ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸர்கிளிங்கர் என்ற வைத்தியர் அமைத்த வழியில் வளர்ந்த இந்த முறை, 1980களில் உலகெங்கும் பரவியது.

அகலமாக்கிய வாசல் புண் ஆறும்போது மீண்டும் ஒட்டிவிடக் கூடும். அதைத் தடுக்கத்தான் உள்ளே பொருள் வைக்கிறார்கள். சிலருக்கு இரத்தத்தை நிறுத்தும் பஞ்சு, சிலருக்குச் சிலிக்கோன் தகடு, சிலருக்குச் சிறு குழாய். தானே கரைந்துவிடும் பொருள்களும் உண்டு. வீக்கத்தைக் குறைக்கும் மொமெட்டசோன் என்ற மருந்தை 370 மைக்ரோகிராம் ஏற்றிய, விரியும் சிறு வலை போன்ற ஒரு பொருளுக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2011இல் அனுமதி வழங்கியது. அது சுமார் 30 முதல் 45 நாட்களில் கரைந்து போகும். கவனியுங்கள், அதில் உள்ளது வீக்கத்துக்கான மருந்தே தவிர, கிருமி கொல்லும் மருந்தன்று.

இங்கே நம் வீட்டார் கேட்கும் ஒரு கேள்வியும் உண்டு. இரத்தத்தை நிறுத்தப் பயன்படுத்தும் சில பஞ்சுகள் பன்றியிலிருந்து பெற்ற ஜெலட்டினால் ஆனவை. செயற்கைப் பொருளாலும் தாவர நாராலும் ஆன மாற்றுகளும் உள்ளன. ஒபரேஷனுக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டால் வேறு வழி இருக்கிறதா என்று சொல்வார். ஒபரேஷன் மேசையில் படுத்த பிறகு கேட்கும் கேள்வியல்ல அது.

முந்துவது யார்?

வைக்கப்படும் பொருள் எதுவாயினும் அதற்கு உயிரில்லை. அதன் மேல் இரத்த ஓட்டமில்லை, கூட்டித் தள்ளும் மயிர்களும் இல்லை. ஆகவே அதில் வந்து குந்தும் கிருமியைத் துரத்த ஆளில்லை.

1957இல் இலண்டனில் எலெக், கொனன் என்ற இரு ஆய்வாளர்கள் தாமாக முன்வந்த மனிதர்களின் தோலில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஸ்டெஃபிலோகொக்கஸ் என்ற கிருமியைத் தனியாக ஏற்றியபோது, சீழ் உண்டாக்கப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமாக இருந்தன. ஒரு நூல் துண்டுக்கே இவ்வளவு என்றால், தகட்டையும் குழாயையும் பற்றி என்ன சொல்வது?

அமெரிக்க எலும்பு வைத்தியர் கிரிஸ்டினா 1987இல் இதை ஓட்டப்பந்தயத்துக்கு ஒப்பிட்டார். உடலினுள் ஒரு பொருள் வைக்கப்பட்டதும் அதன் பரப்பைப் பிடிக்க இரு தரப்பும் ஓடுகின்றன. ஒரு தரப்பு உடலின் உயிரணுக்கள், மறு தரப்பு கிருமிகள். உயிரணுக்கள் முந்தினால் புண் ஆறும். கிருமிகள் முந்தினால் படலம் படியும்.

சைனஸிலும் இது கண்கூடாக நிரூபிக்கப்பட்டது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்லொஃப், பாமர் என்ற இரு வைத்தியர்கள், நெற்றிச் சைனஸின் வாசலில் வைத்து எடுத்த குழாய்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, அவற்றில் உயிர்ப்படலம் இருந்ததை 2004இல் வெளியிட்டார்கள்.

அதற்காக இப்பொருள்களே வேண்டாம் என்பதல்ல. தேவையான இடத்தில் அவை பெரும் உதவி. ஆனால், அவை விருந்தாளிகள். வந்த வேலை முடிந்ததும் அனுப்பிவிட வேண்டும். நாங்கள் செய்த முதல் தவறு, பத்து நாள் விருந்தாளியை ஐந்து வாரம் தங்க வைத்தது.

மாத்திரை ஏன் தோற்கிறது?

தனியாக நீந்தும் கிருமியைக் கொல்லும் அன்டிபயோடிக், படலத்தினுள் இருக்கும் அதே கிருமியைக் கொல்வதற்கு நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு கூடத் தேவைப்படலாம். அந்த அளவை மனித உடல் தாங்காது.

இதற்குப் பல காரணங்கள். பசைப் போர்வை மருந்தைத் தாமதப்படுத்துகிறது. படலத்தின் அடியில் உள்ள கிருமிகள் ஒக்ஸிஜனும் உணவும் குறைந்து கிட்டத்தட்ட உறங்குகின்றன. அன்டிபயோடிக்குகளில் பல, வளர்ந்து பெருகும் கிருமியைத்தான் தாக்கும். உறங்குவது தப்பிவிடும். மாத்திரை நின்றதும் விழித்துக்கொள்ளும். மாத்திரை குடித்தால் சுகம், விட்டால் மீண்டும் பழைய வருத்தம் என்று ராத்தா பல வருடம் சொல்லி வந்ததற்கு இப்படியும் ஒரு விளக்கம் இருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அரைகுறையாகக் குடித்து மீதியை லாச்சியில் வைப்பது இன்னும் மோசம். எந்தக் கிருமி என்று தெரியாமல், கைக்கு வந்த மருந்தை விழுங்க விழுங்க, அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகளே எஞ்சிப் பெருகுகின்றன. பிறகு உண்மையாகத் தேவைப்படும் நாளில் மருந்து கைகொடுக்காது.

அப்படியானால் படலத்தை எது வெல்லும்? பல்லுக்கு என்ன செய்கிறோம் என்று யோசியுங்கள். பல்லில் படியும் படலத்துக்கு நாம் மாத்திரை குடிப்பதில்லை. மிஸ்வாக்கால் தேய்க்கிறோம், தினமும் தேய்க்கிறோம். படியவிடாமல் தடுப்பது, படிந்ததை அசைத்து அகற்றுவது, இரண்டையும் விடாமல் செய்வது. மூக்குக்கும் இதுவே வழி.

வைத்தியர் செய்வதும் விஞ்ஞானிகள் தேடுவதும்

வைத்தியர் பொருளைக் கிருமியற்ற முறையில் வைக்கிறார், தேவைக்கு மேல் ஒரு நாளும் விடாதிருக்கத் திகதி குறிக்கிறார். கிளினிக்குக்கு வரும்போது கமெரா மூலம் பார்த்துக் காய்ந்த சளியையும் இரத்தக் கட்டியையும் எடுத்துச் சுத்தம் செய்கிறார். "சும்மா பார்த்துவிட்டு அனுப்புகிறார்கள்" என்று நாம் நினைக்கும் அந்தக் கிளினிக்தான் சிகிச்சையின் மறுபாதி. அவசியமானால் சளியை எடுத்துச் சோதித்து, எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்று அறிந்து கொடுக்கிறார்.

ஆய்வுக்கூடங்களில் கிருமி ஒட்டாத பூச்சுகளையும், வெள்ளி கலந்த பூச்சுகளையும், மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் பொருள்களையும் பரீட்சித்து வருகிறார்கள். கிருமிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞையைக் குழப்பிவிட்டால் படலம் கட்ட முடியாது என்ற வழியிலும் ஆய்வு நடக்கிறது.

தேனும் அந்த வரிசையில் இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், யெமன் நாட்டு இலந்தைத் தேனும் நியூசிலாந்தின் மனுக்கா தேனும், சைனஸ் நோயில் காணப்படும் இரு கிருமிகளின் படலத்தை ஆய்வுக்கூடத்தில் கணிசமாக அழித்தன. தேனின் சிறப்பைக் குர்ஆனிலிருந்து அறிந்த நமக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால், சகோதரிகளே, ஆய்வுக்கூடத் தட்டு வேறு, ஒபரேஷன் செய்த மூக்கு வேறு. சமையலறைத் தேன் கிருமியற்றது அல்ல. அதைக் கரைத்து மூக்கில் ஊற்றுவது வைத்தியமாகாது. தேனைக் குடியுங்கள், மூக்கில் எதை விடுவது என்பதை வைத்தியரிடம் விடுங்கள்.

வீட்டில் நம் பங்கு

ஓட்டப்பந்தயத்தின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. நோயாளியைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எனவே பின்வருவனவற்றை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, தண்ணீர். மூக்குக் கழுவும் நீர் கொதித்து ஆறியதாகவே இருக்க வேண்டும். கேத்தலில் நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடமாவது விட வேண்டும். உயர்ந்த மலைப் பகுதியில் இருப்பவர்கள் மூன்று நிமிடம் விடுவது பேணுதல். மூடி ஆற வைத்து, அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். கடையில் வாங்கும் குடிநீர்ப் போத்தலையும் கொதிக்க வைத்தே பாவியுங்கள். குடிப்பதற்கு நல்லதெல்லாம் மூக்கினுள் செலுத்துவதற்கு நல்லதல்ல. வயிற்றில் அமிலம் கிருமியைக் கொல்லும், மூக்கில் அந்தக் காவல் இல்லை.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருவர், பைப் தண்ணீரால் மூக்குக் கழுவி, நெக்லேரியா என்ற அமீபா மூளைக்கு ஏறியதால் இறந்தார்கள். அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, கராச்சி நகரில் 17 மாதங்களுக்குள் 13 பேர் இந்நோயால் இறந்ததைப் பதிவு செய்தது. அவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் நீந்தியவர்களோ நீரில் விளையாடியவர்களோ அல்ல. வுழூவின்போது பைப் நீர் மூக்கினுள் ஆழமாகச் சென்றது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இது மிக அரிதான நோய், ஆயினும் வந்தால் பிழைப்பவர் மிகச் சிலர். நீர்க் குழாய்களின் உட்புறத்தில் படியும் உயிர்ப்படலம் இந்த அமீபாவுக்கு உணவும் உறைவிடமும் ஆகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, உப்பு. வெறும் நீர் மூக்கில் எரியும். வைத்தியர் தரும் உப்புப் பொடிப் பக்கெட் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் ஒரு லீற்றர் நீருக்குச் சுமார் 9 கிராம், அதாவது மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி அயடின் சேராத உப்பு, நம் இரத்தத்தின் உப்புத்தன்மைக்கு ஏறக்குறையச் சமமாகும். எத்தனை முறை, எந்த நாளிலிருந்து என்பது வைத்தியர் சொல்லும்படி.

மூன்றாவது, போத்தல். ராத்தாவின் போத்தல் குளியலறையில், வாளிக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் மீந்த நீரின் மேலேயே மாலையில் பைப் நீரை ஊற்றிக் கொண்டிருந்தார். நான் பின்னர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் அதே வழுவழுப்பு. மூக்கைக் கழுவுகிறோம் என்று நினைத்துக் கிருமியைத்தான் ஊட்டிக் கொண்டிருந்தோம். நோயாளிகளின் போத்தல்களைச் சேகரித்துச் சோதித்த ஆய்வாளர்களும் பலவற்றில் பக்டீரியாக்களைக் கண்டிருக்கிறார்கள். பிள்ளையின் பால் போத்தலைக் கழுவுவது போலவே இதனையும் ஒவ்வொரு முறையும் சவர்க்காரத்தால் கழுவி, கொதித்தாறிய நீரால் அலசி, கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். மீந்த நீரை ஊற்றிவிட வேண்டும். போத்தலை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது, சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். காய்ந்த பரப்பில் படலம் வளராது. இது ஒன்றே பாதிப் பாதுகாப்பு.

நான்காவது, கிளினிக் திகதி. துண்டை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். உள்ளே என்ன வைத்தார்கள், எத்தனை துண்டுகள், கரைவதா எடுப்பதா, எடுப்பதாயின் எந்த நாள் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடையை எழுதி வாங்குங்கள். கல்யாணமும் பெருநாளும் காத்திருக்கும். அல்லது நாம் இல்லாமலும் நடக்கும்.

ஐந்தாவது, வீட்டுக் காற்று. சிகரட் புகை அந்த மெல்லிய மயிர்களை முடக்கிவிடும். வீட்டு ஆண்கள் வெளியே போய்ப் புகைப்பதல்ல, விட்டுவிடுவதே நலம். புண் ஆறும் வரை சாம்பிராணிப் புகையும் வேண்டாம். சீனி வியாதி உள்ளவர்கள் அதைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும். மேல் கடைவாய்ப் பல் பழுதாயிருந்தால் ஒபரேஷனுக்கு முன்பே காட்டுங்கள். அதன் வேர் கன்னச் சைனஸுக்கு மிக அருகில் இருப்பதால் சீழ் அங்கிருந்தும் வரலாம்.

வுழூவும் தொழுகையும்

ராத்தாவின் கேள்விக்கு இப்போது வருகிறேன். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி வுழூவின் பர்ளுகள் ஆறு. நிய்யத், முகம் கழுவுதல், முழங்கை உட்பட இரு கைகளையும் கழுவுதல், தலையில் சிறிதளவேனும் மஸ்ஹ் செய்தல், கணுக்கால் உட்படக் கால்களைக் கழுவுதல், வரிசை முறை. மூக்குக்கு நீர் செலுத்துவது வுழூவிலும் குளிப்பிலும் ஸுன்னத். ஆகவே வைத்தியர் தடுத்த நாட்களில் அதை விட்டாலும் வுழூ கூடும். ஹனபி மத்ஹபில் கடமையான குளிப்பில் அது பர்ளு என்றாலும், நோயாளிக்குச் சலுகை உண்டு.

நோன்பாளி மூக்கினுள் ஆழமாக நீர் இழுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒரு காரணத்துக்காக ஸுன்னத்தின் அளவைக் குறைத்துக்கொள்வது மார்க்கம் அறிந்த ஒன்றே என்பதற்கு இது போதும். நோன்பு காலத்தில் மருந்து நீரால் மூக்குக் கழுவ வேண்டியவர்கள், அதை நோன்பு திறந்த பின் செய்யலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். முடியாதென்றால் நோயாளிக்குரிய சலுகையைப் பற்றி ஓர் ஆலிமிடம் கேளுங்கள்.

ஸுஜூதும் அப்படித்தான். ஒபரேஷன் செய்த முதல் நாட்களில் குனிவதும் பாரம் தூக்குவதும் இரத்தம் பெருகச் செய்யலாம். வைத்தியர் குனிய வேண்டாம் என்றால், உட்கார்ந்து ஸைகையால் ருகூஉவும் ஸுஜூதும் செய்து தொழலாம். தொழுகையில் குறை வைத்துவிட்டோமே என்று கலங்க வேண்டியதில்லை. இலகுவைத் தந்தவனும் அவனே.

எப்போது தாமதிக்கக் கூடாது?

கடும் காய்ச்சலோடு உடலில் சிவப்புத் தடிப்பு, வாந்தி, மயக்கம் சேர்ந்து வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூக்கில் பஞ்சோ தகடோ உள்ள சிலருக்கு, ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமியின் நச்சு இரத்தத்தில் கலந்து இப்படி ஆவதுண்டு. அரிது, ஆனால் ஆபத்தானது. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிதல், கழுத்து விறைப்பு, நிற்காத இரத்தம், ஒரு பக்க மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக வடியும் தெளிந்த நீர், இவற்றில் எதுவந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. துர்வாடையும் கெட்டிச் சளியும் கூடினால் கிளினிக் திகதி வரும் வரை பார்த்திருக்காமல் முன்னதாகவே போய்க் காட்டுங்கள்.

ராத்தாவின் தகடுகளை எடுத்து, உட்புறத்தைச் சுத்தம் செய்து, சளியைச் சோதித்து அதற்கேற்ற மருந்தைக் கொடுத்தார்கள். இம்முறை அதை முழுமையாகக் குடித்தார். போத்தல் சமையலறைத் தட்டில், கேத்தலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. அதைக் கழுவிக் கவிழ்க்கும் பொறுப்பை அவருடைய மகள் ஏற்றுக்கொண்டாள். கிளினிக் நாளில் வேறு எந்தப் பயணமும் வைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனபோது, ராத்தா அடுப்படியிலிருந்து ரம்பையும் கறுவாவும் வதங்கும் சட்டியோடு ஓடி வந்தார்.

"தம்பி, எனக்கு வாசம் தெரிகிறது!" என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

எத்தனையோ வருடங்களாகத் தான் சமைத்த உணவின் வாசத்தையே அறியாதிருந்த ஒரு பெண்ணின் கண்ணீர் அது. அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே, நாளொன்றுக்கு ஐந்து வேளை சுத்தம் செய்யக் கற்றுத் தரப்பட்ட சமுதாயம் நாம். அந்தச் சுத்தம் நம் உறுப்புகளோடு நின்றுவிடாமல், நாம் பாவிக்கும் போத்தலுக்கும் பாத்திரத்துக்கும் தண்ணீருக்கும் சென்று சேரட்டும். நோயைத் தருபவனும் குணத்தைத் தருபவனும் அல்லாஹ்வே. பேணுதலை நம் கையில் தந்திருக்கிறான். அதை நிறைவேற்றும் தவ்பீக்கை அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.